நெல் வெட்ட முன்னம் வரும் பொங்கல்

ஆறுதலாக இருந்து கதைக்க வேண்டிய விஷயம் இது. ஒரு கோப்பை பிளேன்ரீயும் கடிக்க ஒரு துண்டு பனங்கட்டியும் கையில் இருக்கட்டும். ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த பெறாமகள் ஒருத்தி, பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஒப்படைக்காகத் தொலைபேசியில் கேட்டாள்: “பெரியப்பா, தைப்பொங்கல்தான் எங்கட தாங்ஸ்கிவிங் எண்டு எழுதலாமோ? அதை ஆர், எப்ப தொடங்கினது?” எழுதலாம் பிள்ளை என்றேன். ஆர், எப்ப என்பதற்குச் சொல்லத் தொடங்கிய பதில் நீண்டுபோனது. வன்னிக்குள் இருந்து பார்ப்பவருக்கு அந்தக் கதை எப்படித் தெரிகிறது என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் வயலுக்குப் போவோம். பாடப்புத்தகம் தைப்பொங்கலை அறுவடைத் திருநாள் என்கிறது. தை முதலாம் தேதி காலையில் கிளிநொச்சியில் பரந்தன், முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் போய்ப் பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் நெல் நிற்கும். அநேகமான வயல்களில் கதிர் தள்ளிப் பால் பிடித்திருக்கும். சில இடங்களில் மஞ்சள் தட்டத் தொடங்கியிருக்கும். புரட்டாதி, ஐப்பசி மழையோடு விதைத்த காலபோக நெல்லை வெட்டுவது தையின் கடைசியில் தொடங்கி மாசி, பங்குனி வரை போகும். குறைந்த வயது நெல்லை முந்தி விதைத்த சிலர் பொங்கலுக்கு முதலே வெட்டியிருக்கலாம். மற்ற வீடுகளில் பானைக்குள் வேகிற பச்சையரிசி போன போகத்து நெல்லில் குத்தியது, இல்லாவிட்டால் கடையில் வாங்கியது. கமக்காரர் பொங்குகிற நேரத்தில் அவருடைய விளைச்சல் வயலில்தான் நிற்கிறது. மார்கழி வெள்ளத்துக்குத் தப்பிய நெல் அது. இனித் தத்திப் பூச்சி விழாமல் இருக்க வேண்டும், பருவம் தப்பிய மழை ஒன்று வந்து கதிரைச் சாய்க்காமல் இருக்க வேண்டும். அதனால் எங்கள் பக்கத்துத் தைப்பொங்கலில் நன்றி பாதி என்றால் வேண்டுதல் பாதி.

அப்படியென்றால் அந்த நாளைக் குறித்தது யார்? வானத்தைப் பார்த்துக் கணித்தவர்கள். சூரியன் தெற்கே போய்த் திரும்பி வடக்கு நோக்கி நகரத் தொடங்குவதுதான் உத்தராயணம். மகர ராசிக்குள் சூரியன் புகும் நாளும் அந்தத் திருப்பமும் ஒன்றாக இருந்த காலம் ஒன்று உண்டு. ஏறக்குறைய 1,700 ஆண்டுக்கு முந்திய காலம். பூமியின் அச்சு மிக மெதுவாகச் சுழன்று ஆடுவதால் நட்சத்திரங்களை வைத்துக் கணிக்கும் நாள் 72 ஆண்டுக்கு ஒரு நாள் என்ற அளவில் பின்தள்ளிக்கொண்டு போகிறது. இன்றைக்கு உண்மையான திருப்பம் டிசம்பர் 21 அல்லது 22இல் நடக்கிறது. பஞ்சாங்கத்துத் தைப்பிறப்பு சனவரி 14 அல்லது 15இல் வருகிறது. இதே நாளை ஒட்டித்தான் வட இந்தியாவில் மகர சங்கராந்தியும், அசாமில் மாக் பிகுவும், பஞ்சாபில் லோகிரியும் வருகின்றன. நாள் ஒரு பெரிய வட்டாரத்துக்குப் பொதுவானது. முற்றத்தில் கோலம் போட்டு, கிழக்குப் பார்த்து அடுப்பு வைத்து, பால் பொங்கி வழியும்போது முதற்பிடி அரிசியைப் போடுவது எங்களுடையது.

தையில் நீராடி நோன்பிருந்த பெண்களைப் பற்றிச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. ஆக, தைக்கு ஒரு புனிதம் இருந்தது மிகப் பழைய செய்தி. பிறகு சைவக் கோயில்கள் அந்த நாளை உத்தராயண புண்ணிய காலமாக எடுத்துக்கொண்டன. வீட்டு முற்றத்தில் சூரியனுக்குப் படைக்கிற பொங்கலும் கோயிலில் நடக்கிற பூசையும் ஒன்றையொன்று தள்ளாமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வந்திருக்கின்றன.

விளைந்த நெல்லுக்கு நன்றி சொல்ல வேறு நாட்கள் இருக்கின்றன. அவை எந்த விடுமுறைப் பட்டியலிலும் இல்லை. தைப்பூசத்தை ஒட்டிப் புதிர் எடுப்பது அதில் ஒன்று. முற்றிய கதிர் கொஞ்சத்தை அறுத்து வந்து சுவாமிக்கு முன்னால் வைத்து, புது அரிசியைச் சமைத்துப் பெரியவர்கள் கையால் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கந்தனுக்கும் தைப்பூசத்தை ஒட்டி வயலில் கதிர் அறுத்துப் புதிர் எடுக்கும் வழக்கம் உண்டு. குளக்கட்டு ஐயனாருக்கு வைக்கும் பொங்கல் இன்னொன்று. பங்குனி உத்தரத்தில் புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பொங்குவார்கள். அதற்குள் கிளிநொச்சி வயல்களில் பெரும்பாலும் அரிவி வெட்டு முடிந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமையில் வற்றாப்பளை கண்ணகை அம்மனுக்கு நடக்கும் பொங்கல். வன்னிக்காரரிடம் “பொங்கலுக்குப் போறியளோ?” என்று வெறுமனே கேட்டால் பலருக்கு முதலில் நினைவு வருவது அதுதான். மதுரையை எரித்த கோபத்தோடு கடல் தாண்டி வந்த கண்ணகி, நந்திக்கடல் ஓரம் மாடு மேய்த்த சிறுவர்கள் முன் ஒரு கிழவியாக வந்து நின்றாள் என்பது ஐதீகம். பொழுதுபட்டதும் விளக்கு ஏற்றச் சொன்னாள். எண்ணெய் இல்லை ஆச்சி என்றார்கள் பிள்ளைகள். கடல்நீரை ஊற்றி ஏற்றுங்கள் என்றாள், விளக்கு எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னாள். பார்த்த சிறுவனுக்குத் தலை முழுவதும் கண்களாகத் தெரிந்தன. இன்றைக்கும் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் வைத்து உப்புநீரில் விளக்கெரித்து, பிறகு வற்றாப்பளைக்குக் கொண்டுபோகிறார்கள். அதற்கு முதல் பாக்குத் தெண்டல் என்ற சடங்கு நடக்கும். கடற்கரை ஊர்களுக்கும் வயல் ஊர்களுக்கும் அவரவர்க்கென்று கடமை உண்டு. வழியெல்லாம் காவடி, தூக்குக்காவடி, தண்ணீர்ப்பந்தல். காலபோகத்து நெல் களஞ்சியத்துக்குள் போன பிறகு, வெயில் கொளுத்துகிற மாதத்தில் நடக்கும் இந்தப் பொங்கலே எங்கள் மண்ணின் முழுமையான நன்றிப் பெருநாள் என்பது என் எண்ணம்.

இந்த இடத்தில் சமயத்துக்குள்ளே நடந்த ஒரு பிணக்கையும் சொல்லத்தான் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் சைவத்தை ஆகம வழியில் ஒழுங்குபடுத்த முனைந்தபோது கண்ணகி வழிபாட்டை ஏற்கவில்லை. சமணச் செட்டிப் பெண்ணைக் கும்பிடுவதா என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் கண்ணகை அம்மன் கோயில்கள் பல இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. வற்றாப்பளை கண்ணகையாகவே நின்றது. வவுனியாவுக்குத் தெற்கே எல்லை தாண்டினால் சிங்களக் கிராமங்களில் அதே கண்ணகி பத்தினித் தெய்யோ. அறுவடை முடிந்ததும் அவளுக்குக் கம்மடுவ என்று இரவிரவாக ஒரு சடங்கு செய்து முதல் விளைச்சலைப் படைப்பது அவர்களின் பழைய வழக்கம். எங்கள் குளக்கட்டு ஐயனார் அங்கே அய்யநாயக்க. அவருக்குச் செய்வது முட்டி மங்கல்ய என்ற சடங்கு. அநுராதபுரத்தில் ஸ்ரீ மகாபோதிக்குப் புது அரிசி படைக்கும் அலுத் சஹல் மங்கல்யவை அரச அதிகாரிகளும் அமைச்சர்களும் முன்னின்று நடத்துகிறார்கள். ஒரே வரண்ட வலயம், ஒரே மாதிரிக் குளங்கள், ஒரே தெய்வங்கள். நன்றியும் ஒரே மாதிரித்தான் சொல்லப்பட்டு வந்திருக்கிறது.

இனி அரசியலுக்கு வருவோம். வீட்டு முற்றத்துப் பொங்கல் ஓர் இனத்தின் பெருநாளானது இருபதாம் நூற்றாண்டில். தமிழ்நாட்டில் மறைமலை அடிகள் போன்ற சைவத் தமிழறிஞர்கள் தீபாவளி முதலானவை வடக்கிலிருந்து வந்தவை, பொங்கலே தமிழர்க்குரிய திருநாள் என்று வாதிட்டார்கள். கடவுளை மறுத்த பெரியாரும் பொங்கலை மட்டும் கொண்டாடலாம் என்றார், ஏனென்றால் அதற்குப் புராணக் கதை தேவையில்லை. உழைப்பும் விளைச்சலும் போதும். சைவரும் நாத்திகரும் ஒரே பானையைச் சுற்றி நின்றது வியக்கத்தக்க விஷயம். திராவிட இயக்கப் பத்திரிகைகள் ஆண்டுதோறும் பொங்கல் மலர் போட்டன. 1969 சனவரி 14 அன்று, பொங்கல் நாளில், சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. அதைச் செய்த அண்ணா அடுத்த மூன்று கிழமைக்குள் காலமானார். 2008இல் கருணாநிதி அரசு தை முதல் நாளைத் தமிழ்ப் புத்தாண்டாக்கிச் சட்டம் இயற்றியது. 2011இல் ஜெயலலிதா அரசு அதை நீக்கிச் சித்திரைக்கே திருப்பியது.

கடல் கடந்த நாடுகளில் சிங்கப்பூரை நான் உயர்வாகச் சொல்வேன். 1952இல் ‘தமிழ் முரசு’ கோ. சாரங்கபாணி அங்கே பொங்கலை ஒட்டித் தமிழர் திருநாளைத் தொடங்கினார். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பாராமல் தமிழ் பேசுகிற எல்லோரையும் ஒரே மேடைக்குக் கொண்டுவருவது அவர் நோக்கம். கனடாவில் 2014இல் ஒன்ராறியோ மாகாணமும், 2016இல் நாடாளுமன்றமும் சனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றன. அந்த மாதத்தைத் தெரிந்தெடுக்கப் பொங்கலே காரணம். என் பெறாமகளின் ஒப்படையும் அதனால் வந்ததுதான்.

இலங்கையில் விடுமுறைப் பட்டியலே ஓர் அரசியல் வரலாறு. 1966இல் டட்லி சேனாநாயக்க அரசு ஞாயிறு ஓய்வை எடுத்துவிட்டுப் போயா நாட்களை வார விடுமுறை ஆக்கியது. வேலை நாட்கள் சந்திரனோடு சேர்ந்து மாறிக்கொண்டிருந்தன. வணிகத்துக்கு அது ஒத்துவரவில்லை. 1971இல் ஞாயிறு திரும்பி வந்தது, பூரணைப் போயா விடுமுறையாக நிலைத்தது. அந்த ஆண்டின் 29ஆம் இலக்க விடுமுறைச் சட்டமே இன்றைக்கும் அடிப்படை. தைப்பொங்கல் அதில் ‘தமிழ் தைப்பொங்கல் தினம்’ என்று பதிவாகியிருக்கிறது. சித்திரை வருடப்பிறப்பு சிங்களவருக்கும் தமிழருக்கும் பொது. சிவராத்திரியும் தீபாவளியும் இந்துக்களுக்கு. ஆகவே ஓர் இனமாக எங்களுக்கென்று தனியே கிடைத்த நாள் தை முதல் நாள்தான். உரிமைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு போன காலத்தில் அந்த ஒரு நாளின் மீது மக்கள் இவ்வளவு பாசம் வைத்ததில் என்ன ஆச்சரியம்?

தாங்ஸ்கிவிங்குக்கு வருகிறேன், பிள்ளை கேட்டது அதையும் சேர்த்துத்தானே. 1621இல் அமெரிக்காவின் பிளிமத்தில் அரைப்பங்குப் பேரை நோய்க்குப் பறிகொடுத்த ஆங்கிலேயக் குடியேறிகள் ஐம்பது பேரளவில் மிஞ்சினார்கள். சோளம் விளைந்ததும் விருந்து வைத்தார்கள். வம்பனோவாக் மக்களின் தலைவர் மாசசொயிட் தொண்ணூறு பேரோடு வந்தார். மூன்று நாள் விருந்து. ஆனால் அவர்கள் அதை நன்றி நாள் என்று அழைக்கவில்லை. அவர்களின் சமயத்தில் நன்றி நாள் என்றால் கோயிலில் இருந்து செபிக்கும் நாள். அந்த விருந்தும் தேசிய விடுமுறையும் ஒட்டப்பட்டது இருநூறு ஆண்டு கழித்துத்தான். சாரா ஹேல் என்ற பெண் பத்திரிகை ஆசிரியர் நாட்டை ஒன்றாக வைத்திருக்க ஒரு பொது நாள் வேண்டும் என்று ஆண்டுக்கணக்காகச் சனாதிபதிகளுக்கு எழுதினார். 1863இல், உள்நாட்டுப் போரின் நடுவில், கெட்டிஸ்பேர்க்கில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்து மூன்று மாதத்தில், லிங்கன் நவம்பரின் கடைசி வியாழனை நன்றி நாளாக அறிவித்தார். 1939இல் கடைக்காரர்களுக்கு நத்தார் வியாபாரம் கூடட்டும் என்று ரூஸ்வெல்ட் ஒரு கிழமை முன்னுக்குத் தள்ளினார். குழப்பம் வந்து, 1941இல் காங்கிரஸ் சட்டம் போட்டு நான்காம் வியாழன் என்று முடித்தது. சமயம் கொடுத்த வழக்கத்தை அரசியல் எடுத்து, ஒரு நாளில் பொருத்தி, “நாங்கள்” என்று சொல்ல வைத்தது. தைப்பொங்கலுக்கு நடந்ததும் இதுவே.

அந்த “நாங்கள்” யார் என்பதில்தான் நான் உங்களை நிறுத்த விரும்புகிறேன். 1970இல் வம்சுட்டா பிராங்க் ஜேம்ஸ் என்ற வம்பனோவாக் மனிதரைக் குடியேற்றத்தின் 350ஆம் ஆண்டு விழாவில் பேச அழைத்தார்கள். தன் மக்களுக்கு நடந்ததை அவர் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் பேச விடவில்லை. அந்த ஆண்டிலிருந்து நன்றி நாளன்று பிளிமத்தில் பூர்வ குடிகள் துக்க நாள் அனுசரிக்கிறார்கள். ஒரு நாட்டின் நன்றிக்குப் பக்கத்தில் அதே நாட்டின் துக்கம்.

வன்னிக்கு இதைச் சொல்லி விளங்க வைக்கத் தேவையில்லை. 2009 சனவரி 2 அன்று கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்தது. பன்னிரண்டு நாளில் பொங்கல். விளைந்த வயலை விட்டுவிட்டு மக்கள் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டுப் பொங்கலுக்கு வவுனியா மெனிக் பாம் முகாமில் பல்லாயிரம் பேர் இன்னும் கூடாரத்துக்குள். போர் முடிந்த நந்திக்கடல்தான் கண்ணகி விளக்கேற்றச் சொன்ன நந்திக்கடல். மே 18இல் முள்ளிவாய்க்காலில் உப்பும் அரிசியும் மட்டும் போட்ட கஞ்சியைப் போரின் கடைசி நாட்களில் மாண்டவர்களின் நினைவாகக் குடிக்கிறார்கள். சில ஆண்டுகளில் அந்த நாட்களை அண்டி வைகாசி விசாகம் வரும். நாடு முழுவதும் வெசாக் வெளிச்சக் கூடு தொங்கும். வற்றாப்பளையில் பொங்கல் பானை ஏறும். அரிசி ஒன்றுதான். கஞ்சியாகவும் பொங்கலாகவும் அதைக் காய்ச்சுகிற கைகளும் ஒன்றுதான். எங்களுக்கு நடந்த துக்கத்தை உலகம் கேட்க வேண்டும் என்கிறோம். அது நியாயமான கோரிக்கை, அதில் நான் ஒரு அடியும் பின்வாங்க மாட்டேன்.

அதே நியாயத்தில் எங்கள் பானைக்கு வெளியே நிற்பவர்களையும் பார்க்க வேண்டும். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். காட்டா விநாயகர் கோயிலுக்கு எட்டிய தூரத்திலுள்ள தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி மக்களும் அதில் அடக்கம். அவர்கள் பேசுவது தமிழ், அவர்களிலும் கமக்காரர் இருக்கிறார்கள். திரும்பி வந்தவர்கள் சிலரே. 1958, 1977, 1983 வன்செயல்களில் அடிபட்டு மலையகத்திலிருந்து வந்தவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் கழனியாக்கினார்கள். காந்தியம் போன்ற அமைப்புகள் அவர்களைக் குடியிருத்த உதவின. ஆனால் பலருக்குக் காணி உறுதி நெடுங்காலம் கிடைக்கவில்லை. இன்னொருவர் வயலில் கூலிக்குக் கதிர் வெட்டிய தலைமுறைகள் உண்டு. தை முதல் நாள் உழைப்புக்கு நன்றி சொல்லும் நாள் என்றால், முதல் நன்றி யாருக்குப் போக வேண்டும்?

நல்ல முன்மாதிரியும் எங்களிடமே இருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வடக்கின் கத்தோலிக்கக் கோயில்கள் தைப்பொங்கலைத் தங்கள் முற்றத்துக்கு எடுத்துக்கொண்டன. சுவாமியார் பூசை வைத்து, கோயில் வளவில் பானை ஏற்றிப் பொங்குகிறார். சைவர் இதைக் குறையாகப் பார்க்கவில்லை. சமயம் பாராமல் எல்லோரையும் சேர்க்கச் சாரங்கபாணி முனைந்ததை மேடை எதுவும் போடாமல் எங்கள் ஊர்கள் செய்து காட்டின.

அரசு நடத்தும் தேசியப் பொங்கல் விழாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023இல் அப்போதைய சனாதிபதி ரணில் விக்கிரமசிங்க யாழ்ப்பாணத்தில் அப்படியொரு விழாவுக்கு வந்தார். வெளியே வீதியில் எதிர்ப்பு நடந்தது. சனாதிபதி பொங்குவதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் படையினர் வைத்திருக்கும் காணிகளை விடுவிப்பதும், நெல்லுக்கு வெட்டு நேரத்தில் கட்டுப்படியாகும் விலை கொடுப்பதும், குளங்களைத் திருத்துவதுமே கமக்காரருக்கு அரசு சொல்லக்கூடிய நன்றி. பானையில் அரிசி போடுவது அதற்கு ஈடாகாது.

ஆகவே பெறாமகளுக்கு நான் எழுதி அனுப்பியது இவ்வளவுதான். நாளைக் கொடுத்தது சூரியனும் பஞ்சாங்கமும். சடங்கைக் கொடுத்தது வீடும் கோயிலும். அதைத் தமிழர் பெருநாளாக்கியது போன நூற்றாண்டின் அறிஞர்களும் இயக்கங்களும். விடுமுறையாக்கியது சட்டம்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வருகிற மாசியில், வயலில் முதல் கதிர் வெட்டும்போது, வீட்டில் உள்ள ஆச்சி, அப்புவிடம் அவர்கள் காலத்தில் புதிர் எப்படி எடுத்தார்கள், குளக்கட்டில் எந்தத் தெய்வத்துக்குப் பொங்கினார்கள், யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். இடம்பெயர்வில் ஊர்களின் ஏடுகளும் படங்களும் போய்விட்டன. மிஞ்சியிருப்பது அவர்கள் ஞாபகம் மட்டும்தான். அந்தப் புது அரிசியில் பொங்கும்போது, உங்கள் நெல்லை வெட்டியவர் வீட்டுக்கும், திரும்பி வந்திருக்கும் முஸ்லிம் அயலவர் வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லிக் கூப்பிடுங்கள்.